ஊர் வீடும் ஃபாஃப்ஸா படிவமும்

பிள்ளை ஹைஸ்கூல் வந்ததும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் எஸ்ஏடி, ஏபி பாடங்கள், ராபாட்டிக்ஸ் என்று பேச்சு ஓடும். காசு பற்றிய பேச்சு பன்னிரண்டாம் வகுப்பு தீபாவளிக்குப் பிறகுதான் எழும். அதற்குள் கணக்குப் பார்க்கப்படும் ஆண்டு முடிந்து போயிருக்கும். 2027 இலையுதிர் பருவத்தில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு, மத்திய அரசின் நிதி உதவி கேட்டு நிரப்பும் ஃபாஃப்ஸா படிவத்தில் அரசு பார்ப்பது 2025-ஆம் ஆண்டின் வருமானத்தை. பத்தாம் வகுப்பின் நடுவில் தொடங்கி, பதினொன்றாம் வகுப்பின் நடுவில் முடிகிற ஆண்டு அது. அந்த ஆண்டில் ஊர் நிலத்தை விற்றிருந்தால் லாபம் வருமானமாக ஏறும். விற்ற பணம் வங்கியில் கிடந்தால் அது சொத்தாகவும் ஏறும். ஒரே நிலத்துக்கு இரண்டு இடி. விற்பதை ஓராண்டு முன்னால் தள்ளுவதா, படிப்பு முடியும் கட்டத்துக்கு ஒத்திப்போடுவதா என்பதெல்லாம் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே யோசிக்க வேண்டியவை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளையின் குடியேற்ற நிலை என்ன? பெற்றோருடையதைக் கேட்கவில்லை, பிள்ளையுடையதை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்பா எச்-1பி வேலை விசா, அம்மா அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா என்றாலும் ஃபாஃப்ஸா நிரப்ப முழு உரிமை உண்டு. மாறாக, இரண்டு வயதில் இங்கே வந்து, க்ரீன் கார்டு வரிசையில் பெற்றோரோடு காத்திருக்கும் எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசு உதவி ஒரு காசும் கிடையாது. நிலை மாற்றத்துக்கு விண்ணப்பித்து வேலை அனுமதி அட்டை கையில் வந்துவிட்டாலும் அப்படித்தான். க்ரீன் கார்டு வந்த பிறகுதான் கதவு திறக்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை நம்மவர்களிடம் சர்வசாதாரணம். இலங்கையிலிருந்து டைவர்சிட்டி விசா குலுக்கலில் வந்தவர்களுக்கும் அகதி நிலை பெற்றவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே தகுதி உண்டு. ஆனாலும் வந்த புதிதில் யாரும் சொல்லாததால் விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் அவர்களில்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

எச்-4 பிள்ளைக்கு மிஞ்சுவது மூன்று வழி. முதலாவது, மாநிலவாசிக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம். டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எச்-4 விசாவில் இருப்பவரும் அங்கே நிலையாக வசிப்பதைக் காட்டினால் மாநிலவாசியாகக் கருதப்பட வழி இருக்கிறது. இதைச் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வசிப்பிடத் தகுதியைத் தீர்மானிக்கும் பிரிவு தனியாக இருக்கும், அங்கே எழுத்தில் கேளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சோம்பல்பட்டால் ஆகிற நட்டம் அது. இரண்டாவது, கல்லூரியே தன் பணத்திலிருந்து தரும் உதவி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். மூன்றாவது, மதிப்பெண்ணுக்குத் தரும் உதவித்தொகை. அதன் விதியில் குடியுரிமை கேட்கிறார்களா என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும்.

21 வயது நிறைந்தால் எச்-4 போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு நடுவில் அந்தப் பிறந்தநாள் வரும். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் தொடருமா என்று முதல் ஆண்டிலேயே கேட்டு வைத்தால், அப்போது திண்டாட வேண்டாம்.

இனி, தகுதி உள்ளவர்களுக்கு. படிவம் வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. மாணவருக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்கு ஒரு கணக்கு, இரண்டும் தனித்தனி மின்னஞ்சலில். இதைச் செப்டம்பரிலேயே தொடங்கி வையுங்கள். அடையாளம் சரிபார்க்கும் கட்டத்தில் மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

மாட்டிக்கொள்வது ஏன்? முக்கால்வாசி, பெயர்தான். நம் தலையெழுத்து நம் தலைப்பெழுத்தில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ‘சு. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பிரமணியன்’, விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் ‘எஃப்என்யூ’, வங்கியில் வேறொன்று. ஃபாஃப்ஸா பார்ப்பது ஒன்றைத்தான்: சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி. அதில் எஃப்என்யூ என்று இருந்தால் அப்படியேதான் அடிக்க வேண்டும். அடுத்தது பிறந்த தேதி. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 05-08 என்று வழக்கம்போல் அடித்தால் ஆகஸ்டு மே ஆகிவிடும். பள்ளியில் சேர்க்க அந்தக் காலத்தில் மாற்றிக் கொடுத்த பிறந்த தேதியும் நிஜத் தேதியும் வேறாக இருக்கும் பெற்றோர், பாஸ்போர்ட்டில் உள்ளதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு எச்-4, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, வரிக்கான ஐடிஐஎன் மட்டும் இருக்கிறது என்று பயப்படுபவர்கள் பலர். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் படிவத்தில் ஒரு பெற்றோர் போதும். எண் உள்ளவர் சேரட்டும். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் இருவரும் வர வேண்டும். எண் இல்லாதவரும் கணக்குத் திறக்கலாம், கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும். எது எப்படியானாலும் ஐடிஐஎன்னைச் சோஷியல் செக்யூரிட்டி கட்டத்தில் அடிக்கக் கூடாது.

படிவத்துக்குள் வருமான வரித் துறையிடமிருந்து தகவலை எடுத்துக்கொள்ள ஒப்புதல் கேட்கும். ‘நம் வருமானத்தை எதற்கு இவர்களுக்குக் காட்ட வேண்டும்’ என்று மறுத்தால் மத்திய உதவி எதுவும் வராது, மாணவர் கடன் உட்பட. புதிதாக வந்தவர்கள் அந்த ஆண்டுக்கான வரியை இந்தியாவிலோ இலங்கையிலோ கட்டியிருந்தால், அந்தத் தொகையை டாலருக்கு மாற்றிக் கையால் நிரப்ப வேண்டும்.

க்ரீன் கார்டு உள்ள மாணவர் அந்த அட்டையில் இருக்கும் ‘ஏ’ எண்ணைத் தர வேண்டும். குடியுரிமை பெற்றவர்களிடம் வேறொரு கோளாறு நடக்கிறது. அப்பா அல்லது அம்மா குடியுரிமை எடுக்கும்போது க்ரீன் கார்டோடு அவர்களுடன் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தானாகவே குடிமகனாகிவிடும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவு தானாக மாறாது. படிவத்தில் ‘குடிமகன்’ என்று அடித்தால் பதிவோடு பொருந்தாமல் கல்லூரியிலிருந்து ஓலை வரும். அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்தால் தீர்ந்தது. கோடை விடுமுறையில் போவது உத்தமம்.

இப்போது ஊர் வீடு. நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்ஸா கேட்காது. 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்கால சேமிப்பையும் கேட்காது. எல்ஐசி பாலிசியின் மதிப்பும் வேண்டாம், போட்டுக்கொள்ளும் நகையும் வேண்டாம். ஆனால் மதுரையிலோ மன்னார்குடியிலோ உங்கள் பெயரில் இருக்கும் வீடு நீங்கள் குடியிருக்கும் வீடு இல்லை. அம்மா அப்பா வாடகையில்லாமல் அங்கே இருந்தாலும் அது முதலீட்டுக் கணக்கில்தான் வரும். எழுத வேண்டியது படிவத்தில் கையெழுத்திடும் நாளின் சந்தை மதிப்பு. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு அதற்கு ஈடாகாது. அந்த வீட்டின் மீதே வாங்கிய கடனைக் கழித்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பியோடு கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு மட்டும். தாத்தா பெயரிலேயே இருந்தால் உங்கள் சொத்து இல்லை. இந்திய வங்கியில் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கில் கிடப்பதும் சேமிப்புதான். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இருக்கிறதோ இல்லையோ, அமெரிக்க வரிப் படிவத்தில் காட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கையும் உண்டு. சொத்தை ஓரிடத்தில் காட்டி இன்னோரிடத்தில் விட்டால் அகப்படுவது இங்கேதான்.

இதைக் கேட்டு மிரள வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் குடும்பத்தின் பங்காகச் சேர்க்கப்படும். ஊர் வீடு 70,000 டாலர் என்றால் 3,948 டாலர். பிள்ளை பெயரில் உள்ள பணமோ 20 சதவீதம் போகும். தாத்தா பாட்டி கொடுத்ததையெல்லாம் சேர்த்துப் பிள்ளை பெயரில் யுடிஎம்ஏ கணக்கில் 20,000 டாலர் வைத்திருந்தால் 4,000 டாலர் ஏறும். அதே பணம் பெற்றோர் வைத்திருக்கும் 529 என்ற கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் இருந்தால் 1,128 டாலருக்கு மேல் போகாது. ‘பிள்ளை பேரில் போட்டு வைப்போம்’ என்கிற நம் பழக்கம் இந்த நாட்டில் செலவு வைக்கும்.

குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையில் மாதாமாதம் பணம் அனுப்பும் ஊர்ப் பெற்றோரைச் சேர்க்க முடியாது. உங்களோடு வசித்து, உங்கள் ஆதரவில் பாதிக்கு மேல் வாழ்பவர்தான் கணக்கு. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்து போவது போதாது. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் முன்பு கிடைத்த சலுகையும் 2024–25 முதல் மத்தியக் கணக்கில் இல்லை.

எல்லாம் முடிந்து வருவது, குடும்பத்தின் பங்கைக் காட்டும் எஸ்ஏஐ என்ற எண். அது குறையக் குறைய உதவி கூடும். மிகக் குறைவானது கழித்தல் 1,500. வருமானம் குறைந்த வீடுகளுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் அதிகபட்சம் 7,395 டாலர், 2025–26 கணக்குப்படி. இரண்டு பேரும் ஐடியில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது வராது, சரி. அதற்காகப் படிவத்தையே விட்டுவிட்டால் மாணவர் பெயரில் கிடைக்கும் மத்தியக் கடனும் போகும்: முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, பிறகு 7,500 டாலர். பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. ‘மிச்சத்தை பிளஸ் லோனில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய ஆலோசனை இனிச் செல்லாது.

தனியார் கல்லூரிகள் பல, தங்கள் பணத்திலிருந்து உதவி தர, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவமும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. வருமானம் 100,000 டாலருக்குள் இருக்கும் உள்நாட்டுக் குடும்பங்களுக்கு இலவசம். இது குடியிருக்கும் வீட்டையும் தோண்டும். ஊரில் யாருக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்பதையும், அப்பாவின் டயாலிசிஸ் செலவையும் சிறப்புச் சூழல் எழுதும் இடத்தில் ரசீதோடு சொல்லலாம். மனிதர் படித்து முடிவெடுக்கும் படிவம் இது.

விண்ணப்பப் பக்கத்தில் பணத்தோடு நேரே மோதுவது எர்லி டிசிஷன். நவம்பர் தொடக்கத்தில் போட்டு, கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம். மற்ற கல்லூரிகளின் உதவித் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும். அதைப் போடும் முன் உதவி போக உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று காட்டும், அந்தக் கல்லூரித் தளத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் எண்களை ஓட்டிப் பாருங்கள். மத்திய உதவித் திட்டங்களில் சேர்ந்த கல்லூரிகள் சட்டப்படி அதை வைத்திருக்க வேண்டும். ஆனால் அது குடிமக்களையும் க்ரீன் கார்டு உள்ளவர்களையும் மனதில் வைத்துச் செய்தது, எச்-4 வீட்டுக்கு அந்த விடை பொருந்தாது. பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்டு 1-ல் புதுப்பிக்கப்படும். 650 சொல்லில் ஒரு கட்டுரை, பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிகள். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததையும், தம்பியைத் தினம் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பார்த்துக்கொண்டதையும் அதில் எழுதலாம். வீட்டுப் பொறுப்புக்கென்றே ஒரு வகை இருக்கிறது, நம் பிள்ளைகள்தான் அதைத் தொடாமல் விடுகிறார்கள். பதினோராம் வகுப்பில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை, பழைய பள்ளியின் சதவீத மதிப்பெண்ணைத் தானே ஜிபிஏவாக மாற்றக் கூடாது. இருந்தது இருந்தபடி கொடுத்தால் கல்லூரி மாற்றிக்கொள்ளும். அசல் மார்க் ஷீட்டின் பிரதியைப் பள்ளிக் கவுன்சலரிடம் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

மார்ச் முடிவில் வரும் உதவிக் கடிதங்கள் பார்க்க அழகாக இருக்கும். ‘மொத்த உதவி 38,000’ என்று தடித்த எழுத்தில் இருப்பதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வொர்க் ஸ்டடி எவ்வளவு என்று பேனாவால் பிரியுங்கள். வொர்க் ஸ்டடி என்பது மணிக்கணக்கில் வேலை செய்து வாங்கும் கூலி, கட்டணத்தில் கழியாது. மொத்தச் செலவிலிருந்து மானியத்தையும் உதவித்தொகையையும் மட்டும் கழித்து வரும் எண்ணைக் கல்லூரி வாரியாக ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

கணக்கெடுத்த ஆண்டுக்குப் பிறகு வேலை போயிருந்தால், முடிவு வந்த பிறகும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் மறுபரிசீலனை செய்ய அதிகாரம் பெற்றிருக்கிறது. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இந்த ஆண்டு எதிர்பார்க்கும் வருமானம், ஒரு பக்கக் கடிதம் போதும். கெஞ்ச வேண்டாம், எண்களை வரிசையாகச் சொல்லுங்கள். மே 1 முன்பணம் கட்டும் கடைசி நாள் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஃபாஃப்ஸா ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டியது. அடுத்த அக்டோபரில் அதே கணக்குகள் தேவைப்படும், கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.