ஒரு கேள்வி கேட்க எட்டு மாதம்

2023 அக்டோபரில் நரித்தா விமான நிலையத்தில் என் குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதன் முன்பக்கத்தில் நான்கு ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. கணவர் படித்துச் சொன்னார்: "ஷூரோ ஃபுகா". வேலை செய்ய அனுமதி இல்லை.

சென்னையில் ஒன்பது வருடம் செய்தியாளராக இருந்தவள் நான். கணவருக்கு டோக்கியோவில் மென்பொருள் வேலை கிடைத்ததால் குடும்ப விசாவில் வந்தேன். நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல நாங்களும் நிஷி கசாயில் வீடு பிடித்தோம். இட்லி மாவு கிடைத்தது, பேச ஆள் கிடைத்தது. தொழில் மட்டும்தான் கையை விட்டுப் போயிருந்தது. பழைய ஆசிரியர் போனில், "அங்கிருந்து எழுதுங்கம்மா, மாதம் ரெண்டு கட்டுரை போட்டுக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதெல்லாம் தொடங்கியது.

குடும்ப விசாவில் இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு 28 மணி நேரம் வரை உணவகத்திலோ கடையிலோ வேலை செய்யலாம். கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பொது அனுமதி போதாது என்பது எனக்குத் தெரியாது. எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று சரிபார்க்க வழியில்லாத வேலை என்பதால், தனியாக விண்ணப்பித்து, இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்ட அனுமதி வாங்க வேண்டும். நான் முதலில் பொது அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போய், முக்கால் நாள் காத்திருந்து, திரும்பி வந்தேன். இரண்டாவது முறை ஆசிரியரிடமிருந்து ஒப்பந்தக் கடிதம், ஒரு கட்டுரைக்கு என்ன தொகை என்ற விவரம், என் பழைய கட்டுரைகள், எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு என்று ஒரு கட்டு கொண்டு போனேன். கட்டணம் இல்லை. ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் கட்டுரைக்குக் காசு வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். விசாவுக்கே சிக்கல் வரக்கூடிய விஷயம் இது.

சரி, எழுத அனுமதி கிடைத்துவிட்டது. எதைக் கேட்டு எழுதுவது?

நான் எழுத நினைத்தது பயிற்சித் தொழிலாளர்களைப் பற்றி. 1993 முதல் ஜப்பானில் இருக்கும் திட்டம் இது. வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்று பெயர். வயலிலும் பட்டறையிலும் கட்டட வேலையிலும் ஆள் பற்றாக்குறையை அவர்களை வைத்துத்தான் நிரப்புகிறார்கள். வேலைக்கு அமர்த்திய முதலாளியை விட்டு இன்னோர் இடத்துக்கு மாறுவது கிட்டத்தட்ட முடியாது. அடி வாங்கினாலும், சம்பளம் பாக்கி வைத்தாலும், ஓடிப்போவது ஒன்றே வழி என்று ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்காரர்கள். இந்தியாவோடு 2017இல்தான் ஒப்பந்தம் ஆனது என்பதால் நம்மவர்கள் குறைவு. ஆனாலும் தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேரின் எண் எனக்குக் கிடைத்திருந்தது. போனில் பேசியிருந்தேன். ஒருவன் அரை மணி நேரம் பேசிவிட்டு, "அக்கா, இதெல்லாம் எழுதாதீங்க" என்றான்.

இந்தத் திட்டத்தை மாற்றப் புதிய சட்டம் வரப்போகிறது என்று பேச்சு இருந்த நேரம். ஓர் அமைச்சகத்தில் செய்தியாளர் சந்திப்பு என்று தெரிந்ததும் விசாரித்தேன். கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்?" என்பது. ஜப்பானில் அமைச்சகம், காவல்துறை, மாநகராட்சி என்று ஒவ்வொன்றிலும் ஒரு 'கிஷா கிளப்', அதாவது செய்தியாளர் கிளப் உண்டு. 1890இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைய உரிமை கேட்டுச் செய்தியாளர்கள் ஒன்றாகச் சேர்ந்ததில் பிறந்தது அது. கதவைத் திறக்கச் சொல்லி உருவான அமைப்பு, காலப்போக்கில் பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் மட்டும் உட்காரும் அறையாக ஆகிவிட்டது. 2009க்குப் பிறகு சில இடங்களில் வெளியாட்களையும் விட்டார்கள். நான் கேட்ட இடத்தில் மரியாதையாக, நன்றாகக் குனிந்து, முடியாது என்றார்கள். அன்று ரயிலில் வரும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் சேச்சி அறிமுகமானார். ஐரோப்பிய ஊடகம் ஒன்றுக்கு நீண்ட காலமாக டோக்கியோவிலிருந்து எழுதும் மலையாளி. "அங்கே எதுக்கு நிக்கிறே? எங்க கிளப்புக்கு வா" என்றார். ஜப்பான் வெளிநாட்டுச் செய்தியாளர் கிளப். 1945இல், போர் முடிந்த கையோடு வந்த செய்தியாளர்கள் தொடங்கியது. 2018 முதல் மருனோஉச்சியில் நிஜூபாஷி கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. நிஷி கசாயிலிருந்து தோசாய் ரயிலில் ஓதேமாச்சி, அங்கிருந்து நிலத்தடி வழியாகவே நடந்து போய்விடலாம். மேலே ஏறி வெளியே வந்தால் அரண்மனை அகழி பக்கத்தில்தான்.

முதல் தடவை சேச்சியின் விருந்தினராக, ஒரு புத்தகப் பேச்சுக்குப் போனேன். இரவுச் சாப்பாடு, பிறகு நூலாசிரியர் பேசுவார், பிறகு கேள்விகள். சுவரில் புகைப்படக் கண்காட்சி. வேறொரு நாள் ஒரு படம் திரையிட்டு இயக்குநரோடு உரையாடல். உறுப்பினர்களில் செய்தியாளர்களை விட வணிகம், சட்டம், தூதரகம் என்று பிற துறைக்காரர்கள் அதிகம். அவர்கள் கட்டும் சந்தாவும் சேர்ந்துதான் இந்த இடம் நடக்கிறது என்று சேச்சி சொன்னார். ஆனால் கிளப்பின் உயிர் செய்தியாளர் சந்திப்புகளில் இருக்கிறது. யாரைக் கூப்பிடலாம் என்று உறுப்பினர்கள் யோசனை சொல்வார்கள், அதற்கென்று உள்ள குழு முடிவு செய்யும். பிரதமரும் வருவார், பிரதமர் மேல் வழக்குப் போட்டவரும் வருவார்.

சேச்சி அன்று சொன்ன கதை ஒன்று. 1974இல் ககுயே தனாகா பிரதமர். அவருடைய பண விவகாரங்களை ஒரு மாத இதழ் தோண்டி எடுத்து வெளியிட்டது. பெரிய நாளிதழ்கள் அதைப் பெரிதாகத் தொடவில்லை. அக்டோபர் 22 அன்று அவர் இந்தக் கிளப்பில் மதிய விருந்துக்கு வந்தார். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றியே கேட்டார்கள். பிரதமரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட்டார்கள் என்பதே செய்தி ஆகிவிட்டது. அதன் பிறகு ஜப்பானிய நாளிதழ்களும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுத்த மாதமே பதவி விலகுவதாக அறிவித்தார்.

பழங்கதை என்று நினைத்திருப்பேன். ஆனால் நான் வந்து இறங்கிய மாதம் இங்கே தொலைக்காட்சியைத் திறந்தாலே ஜானி கிடகாவா விவகாரம்தான். இசைக்குழுப் பையன்களை உருவாக்கிய நிறுவனர், பல பத்தாண்டுகள் அந்தப் பையன்களையே பாலியல் வன்கொடுமை செய்தவர். 2019இல் இறந்தும் போனார். உள்ளூர்ப் பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் வாய் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் காவான் ஒகமோட்டோ என்ற பாடகர், தனக்கு நடந்ததை முகத்தைக் காட்டிச் சொன்ன இடம் இதே கிளப். செப்டம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவர் உட்கார்ந்து பேசிய இடம் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அப்புறம் வந்தது 2024 ஜூன். பயிற்சித் திட்டத்தை ஒழித்துப் புதிய முறை கொண்டுவரும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2027க்குள் நடைமுறைக்கு வரும்; ஓராண்டு, ஈராண்டு கழித்து அதே துறைக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கிளப்பில், இந்தத் தொழிலாளர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரின் செய்தியாளர் சந்திப்பு. சேச்சி தகவல் அனுப்பினார். என் அனுமதிக் கடிதம், ஆசிரியரின் கடிதம், அச்சில் வந்த இரண்டு கட்டுரைகள் எல்லாவற்றையும் அனுப்பி, இடம் வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: வரலாம்.

என் கேள்வியைத் தயார் செய்ய நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியது ஒரு பக்கம். சேச்சி போனில் கேட்டுவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருப்பார். நீ பேசுறது அவர் வாய் வழியாத்தான் போகும். அவரை நினைச்சுக்கிட்டு எழுது" என்றார். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் அது. கிளைவாக்கியம் வேண்டாம், முன்னுரை வேண்டாம், இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டக் கூடாது. குறைத்துக் குறைத்து கடைசியில் நின்றது இதுதான்: ஊரில் முகவருக்குக் கடன்பட்டு வந்தவர், சட்டம் அனுமதித்தாலும் முதலாளியை மாற்ற முடியுமா? கணவர் எதிரில் உட்கார்ந்து கைபேசியில் நேரம் பார்த்தார். பதினைந்து வினாடி.

அன்று அறை நிறைந்திருந்தது. பின்னால் கேமராக்கள். நெறியாளர் கிளப் உறுப்பினர், அவரும் செய்தியாளரே. வழக்கறிஞர் இருபது நிமிடம் போலப் பேசினார். பிறகு, "செய்தியாளர்களுக்கு முதலிடம். பெயரும் ஊடகமும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி" என்றார் நெறியாளர். கை தூக்கினேன். வேறு ஒருவரைக் காட்டினார். மறுபடி தூக்கினேன். மூன்றாவதாக, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து கடனைப் பற்றிக் கேட்டுவிட்டார். நான் நான்கு நாள் செதுக்கிய கேள்வி, கிட்டத்தட்ட அதே சொற்களில்.

கையை இறக்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது அந்தப் பையன் ஞாபகம் வந்தது. "எழுதாதீங்க" என்று சொல்வதற்கு முன்னால் அவன் ஒன்று சொல்லியிருந்தான். கையில் அடிபட்டபோது உதவி எண்ணுக்குக் கூப்பிட்டானாம். வியட்நாம் மொழியில், சீனத்தில், இந்தோனேசிய மொழியில் உண்டு. ஆங்கிலத்தில் உண்டு. அவனுக்குத் தெரிந்தது தமிழும், வேலை செய்யும் இடத்தில் கற்ற கொஞ்சம் ஜப்பானியமும். வைத்துவிட்டான்.

நெறியாளர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். பெயர் சொன்னேன், சென்னை என்றேன், தமிழ் இதழ் என்றேன். "முதலாளியை மாற்ற விரும்பும் ஒருவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், அவர் அதை யாரிடம் சொல்வது?"

மொழிபெயர்ப்பாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வழக்கறிஞர் உடனே பேசவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு சொன்னார்: தமிழ் பேசும் ஒருவர்கூட இதுவரை தன்னிடம் வந்ததில்லை. அவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. வருவதற்கு வழி இல்லை என்பதுதான் பொருள். எண்ணிக்கை குறைவாக உள்ள நாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இதே நிலை, புதிய சட்டத்திலும் இதற்குப் பதில் இல்லை.

என் கை நடுங்கியதால் குறிப்பெடுத்தது பாதி எனக்கே படிக்க முடியவில்லை. நல்லவேளை, பதிவு செய்திருந்தேன்.

முடிவில், பேச வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கப்படி வழக்கறிஞருக்கு ஓராண்டு கௌரவ உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். எல்லாரும் முகவரி அட்டையோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் அட்டையில் நிறுவனத்தின் பெயர் இல்லை. என் பெயர், தமிழிலும் ஜப்பானிய எழுத்திலும், கீழே தொலைபேசி எண். வரிசையில் நின்று, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அட்டையிலிருந்த தமிழ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். உரிமைகளைச் சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கை, எளிய ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும். "இதைத் தமிழில் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார்.

கட்டுரை இரண்டு வாரத்தில் அச்சில் வந்தது. துண்டறிக்கைக்குத்தான் அதிக நாள் ஆனது. முடித்ததும் அந்தப் பையனைப் போனில் கூப்பிட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன். 'தொழிலாளர் நல ஆலோசனை பெறலாம்' என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

"இது புரியாதுக்கா. 'கூப்பிட்டா தமிழ் தெரிஞ்சவங்களை லைன்ல சேர்த்துப் பேச வைப்பாங்க'ன்னு போடுங்க. அப்படி வைப்பாங்களா?"

வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். வைப்போம், யாராவது கிடைத்தால், என்றார். என் எண்ணையே கொடுத்தேன். வரியை அவன் சொன்ன மாதிரியே மாற்றிவிட்டேன்.