தவிட்டில் கொலஸ்ட்ராலைக் குறைப்பது எது?

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் நம்மில் பலர் நார்ச்சத்தை எண்ணித் தவிட்டு பிஸ்கட்டைத் தேடிப் போகிறார்கள். அரிசித் தவிட்டைப் பொறுத்தவரை கொலஸ்ட்ராலைக் குறைப்பது நார்ச்சத்து அன்று, அதிலுள்ள எண்ணெய்தான் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் நீக்காத தவிட்டை நாளுக்கு 84 கிராம் வீதம் ஆறு வாரம் உண்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்ததாக 1998-இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. குறைத்தது எது என்ற கேள்விக்கு, லூசியானா மாநிலத்தின் பென்னிங்டன் ஆய்வு மையத்தினர் 2005-இல் விடை கண்டனர். எண்ணெய் எடுத்த தவிட்டைச் சேர்த்து நார்ச்சத்தை இரு மடங்காக்கியும் கொலஸ்ட்ரால் அசையவில்லை. ஆனால் உணவிலுள்ள கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தவிட்டு எண்ணெயாக மாற்றியபோது, எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 7 சதவீதம் இறங்கியது, நல்ல கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஒப்பிடுவதற்குக் கொடுத்த எண்ணெய்க் கலவையும் ஏறக்குறைய அதே கொழுப்பு அமிலங்களைக் கொண்டிருந்ததால், பலனைத் தந்தவை எண்ணெயோடு கலந்திருக்கும் தாவர ஸ்டீரால்கள் (கொலஸ்ட்ராலை ஒத்த அமைப்புள்ள தாவரப் பொருள்கள்), ஒரைசனால் போன்றவை என்றே கொள்ள வேண்டும். இந்த ஸ்டீரால்கள் குடலில் கொலஸ்ட்ராலுடன் போட்டியிட்டு, அது உடலில் சேர்வதைத் தடுக்கின்றன.

இந்த எண்ணெய் எளிதில் கெடுவதும் ஆகும். பச்சரிசி தீட்டிய தவிட்டில், எண்ணெயைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடுவதால், சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் விரைவிலேயே சிக்கு வாடை அடிக்கும். புழுங்கல் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. அத்தவிட்டில் எண்ணெயும் கூடுதல், கையில் எடுத்துப் பிசைந்தாலே விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். நம் ரைஸ் மில்களில் இவ்வளவு நல்ல தவிடு கிடைப்பது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. எனினும் மாட்டுக்கு வாங்கும் தவிட்டில் உமியும் மண்ணும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை நாம் உண்ணலாகாது. நெல்லிலுள்ள ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருளும் தவிட்டில்தான் மிகுதியாகத் தங்குகிறது.

ஆகவே சமையலுக்குத் தவிட்டு எண்ணெயே போதும் என்பது என் கருத்து. ஆல்கலி எனப்படும் காரப்பொருளைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையில் ஒரைசனாலின் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதால், லேபிளில் அதன் அளவைப் பார்த்து வாங்குங்கள். வழக்கமான எண்ணெய்க்கு மேல் இதையும் ஊற்றாமல், அதற்குப் பதிலாகவே பயன்படுத்துங்கள். 7 சதவீதக் குறைவை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.