கறுத்த ஜாக்கெட்

1989 ஒக்டோபரில் போட்ஸ்ஃபியூருக்கு வந்து இறங்கினேன். நோர்வேயின் வடகிழக்கு மூலை, பாரன்ட்ஸ் கடலோரம். மீன் தொழிற்சாலையில் வேலை, ஒரு வீட்டில் ஐந்து பேர். கொழும்பில் வாங்கிய கறுத்த ஜாக்கெட் ஒன்று என்னிடம் இருந்தது. கறுப்பை நானே தேடித்தான் எடுத்தேன். சோதனைச்சாவடி வரிசையில் நடுவில் நின்று, தலையைக் குனிந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் கடந்து பழகிய உடம்பு இது. உருமறைப்பு என்ற சொல்லையே நாங்கள் விலங்கியல் பாடத்தில் படிக்கவில்லை. தென்னோலை கட்டி, சேறு பூசி ஓடிய வாகனங்களைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வரும் ஊர் அது. ஒருநாள் வேலை முடிந்து வீதியோரமாய் வந்துகொண்டிருந்தேன். லொறி ஒன்று எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சறுக்கி நின்றது. சாரதி இறங்கி வந்து கத்தினான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவனுடைய கை நடுங்கியது மட்டும் தெரிந்தது. அடுத்தநாள் எனக்குப் பக்கத்தில் மீன் வெட்டும் வயதான பெண், தன் பையிலிருந்து ரிஃப்ளெக்ஸ் ஒன்றை எடுத்துப் பேசாமல் என் ஜாக்கெட் கையில் குத்திவிட்டார். வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும் சின்னத் தகடு. இருட்டுக்காலத்தில் அது இல்லாமல் வெளியே போகிறவனை இங்கே விசரன் என்றுதான் பார்ப்பார்கள்.

மீன் பற்றிச் சொல்லித் தந்ததும் அவர்தான். தொர்ஸ்க் என்று இங்கே சொல்லும் கொட் மீனுக்கு முதுகு கருமை, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் ஆழத்து இருட்டோடு சேர்ந்துவிடும். கீழிருந்து பார்த்தால் மேலே தெரியும் வெளிச்சத்தோடு. எங்கள் ஊர்ச் சூரையும் அப்படித்தானே! சின்ன வயதிலிருந்து கறிவைத்துச் சாப்பிட்டும் ஏனென்று கேட்கத் தோன்றவில்லை. கடற்பாசிக் காட்டுக்குள் வாழும் தொர்ஸ்க் செம்பழுப்பாய் வரும். அதைத் தனியாய்த் தூக்கிக் காட்டுவார்.

எனக்குப் பிடித்தது தட்டைமீன். பழுப்புத் தோலில் செம்மஞ்சள் பொட்டுகள். குஞ்சாய் இருக்கும்போது மற்ற மீன்களைப்போல் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளரும்போது இடக்கண் மெல்ல ஊர்ந்து வலப்பக்கம் வந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க இடப்பக்கம் கீழே, கடல் மணலில். கிடக்கும் தரையைக் கண்ணால் பார்த்துத் தோலின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் புரட்டிப்போட்டால் கீழ்ப்பக்கம் வெறும் வெள்ளை. ஒருவரும் பார்க்காத பக்கத்துக்கு எதற்குப் பூச்சு?

மலையில் ரீப்பே என்றொரு பறவை உண்டு. பனிக்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. அதில் உயரத்தில் வாழும் இனத்தின் சேவல், பனி உருகிய பிறகும் பேட்டைக் கவர்வதற்காகச் சில கிழமைகள் வெள்ளையாகவே திரியும். கழுகுக்கு அது விருந்துக்கு விளக்குப் பிடித்ததுபோல. சோடி சேர்ந்த காரியம் முடிந்ததும் மண்ணில் புரண்டு இறகை அழுக்காக்கிக்கொள்ளுமாம். கனடாவின் வடக்கில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாசித்தபோது எனக்கு அந்தச் சேறு பூசிய வாகனங்கள்தான் ஞாபகம் வந்தன.

இரண்டாம் வருடம் பனி பிந்தியது. ஒக்டோபர் கடைசி. தொழிற்சாலைக்குப் பின்னால் சரிவில், பழுப்புப் புற்றரையில், ஒரு மலைமுயல் பஞ்சுபோல் வெள்ளையாய்க் குந்தியிருந்தது. பகல் குறுகத் தொடங்கினால் அதற்கு உரோமம் மாறத் தொடங்கிவிடும். பனி விழுந்ததா இல்லையா என்று உடம்பு பார்ப்பதில்லை. காதுகளை முதுகோடு ஒட்டி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தன்னை ஒருவரும் காணவில்லை என்று இருந்தது. பத்தடி தூரத்தில் நானும் அந்தப் பெண்ணும் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் கையில் தொங்கிய ரிஃப்ளெக்ஸை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அசைவுக்கு முயல் பாய்ந்தது. சரிவு முடியும்வரை எங்கள் கண்ணுக்கு அது தப்பவேயில்லை.