நைனா வீட்டு கேமராவும் ஐபிவி6-உம்

குடியாத்தத்துல நைனா தனியா இருக்காரு, நான் சத்துவாச்சாரில, அதனால அவர் வாசல்ல ஒரு கேமரா மாட்டி இங்கிருந்தே பாத்துக்கலாம்னு பாத்தா ரெண்டு நாள் போராடியும் வெளியிலிருந்து கனெக்டே ஆகல. ரவுட்டர்ல போய் பாத்தா ஐபி, அதாவது நெட்ல நம்ம வீட்டோட அட்ரஸ் நம்பர், 100.72-ன்னு ஆரம்பிக்குது. அப்பதான் புரிஞ்சது, அது நமக்குன்னு குடுத்த பப்ளிக் அட்ரஸே இல்ல, நெட் கம்பெனிக்காரங்க ஒரே அட்ரஸை பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்க. ஒண்டுக்குடித்தனம் மாதிரி, தெருக்கதவு ஒண்ணு, உள்ள எது யார் வீடுன்னு வர்றவனுக்கு தெரியாது.

இந்த அட்ரஸ் குடுக்கற பழைய முறையான ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி அட்ரஸ்தான், உலக கையிருப்பு 2011 பிப்ரவரிலயே தீந்துடுச்சு. அதுக்கு பதிலா வந்த புது முறை ஐபிவி6-ஐ 1998-லயே எழுதி வச்சாச்சு, அட்ரஸ் 128 பிட் நீளம், எத்தனை டிவைஸ் வந்தாலும் தாங்கும். ஆனா பழசும் புதுசும் நேரா பேசிக்காது, ரெண்டையும் சேர்த்து ஓட்டணும், பழசையே பங்கு போட்டு இழுத்துக்கலாம்னா யாரு அவசரப்படுவாங்க? எனக்கு இதுதான் ஆத்தாமையா இருக்கு. மொபைல் நெட் பரவால்ல, ஜியோ 2016-ல வந்தப்பவே ஐபிவி6-ஓடதான் வந்துச்சு.

நைனா ரவுட்டர்லயும் ஐபிவி6 ஆப்ஷன் இருந்துச்சு, ஆஃப்ல! ஆன் பண்ணி, பாஸ்வேர்டை நல்லா பெருசா மாத்திட்டு, வெளியாளை உள்ள விடாம தடுக்கற ஃபயர்வால்ல கேமராவுக்கு மட்டும் வழி விட்டேன். போன்ல படம் வந்துடுச்சு. நைனா திண்ணைல முருங்கக்கீரை ஆஞ்சிக்கிட்டு இருக்காரு. போன் போட்டு சொன்னதும் முறத்தை கீழ வச்சுட்டு கேமராவ நிமிந்து பாத்து, "இன்னா ராசா, தெரியறனா?"ன்னு கை ஆட்டுனாரு.