கியரில் நிற்கும் வண்டி

ஏற்காட்டுக்காரர்கள் வண்டியை நிறுத்துகிற விதமே தனி. ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக்கைக் கடைசி வரை இழுத்துவிட்டு, அப்புறம் டயருக்கு ஒரு கல் வைப்பார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கை தானாகச் செய்கிற காரியம். சேலத்துச் சமதளத்தில் தொழில் பழகிய எனக்கு இதன் அர்த்தம் உறைக்க ஒரு காபிக் களத்தின் சுவர் இடிய வேண்டியிருந்தது.

அப்போது ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீரியோ, சென்டர் லாக், ஃபாக் லேம்ப் இதெல்லாம் தினசரி வேலை. 2012-ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. சித்திரை வெயிலில் மதியம் முழுக்க நின்ற காரின் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்த சேலத்துக்காரர்களுக்கு அந்த மாற்றம் நன்றாகவே தெரியும். “ஏறுறதுக்கு முன்னாடியே ஏசி ஓடணும், அப்படி ஏதாவது இருக்கா?” என்று கேட்டு வருகிறவர்கள் அதற்கப்புறம் அதிகமானார்கள். ரிமோட் ஸ்டார்ட்டரும் அலாரமும் சேர்ந்த யூனிட்டை முதலாளி தருவித்தார். எங்கள் கடையில் அதை மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

அந்த வேலை எனக்கு இன்றும் பிடிக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கவரைக் கழற்றினால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தடித்த ஒயர்கள் தெரியும். நிறத்தை நம்பக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாடி எர்த்தில் வைத்து, ஒவ்வொரு ஒயராகப் பார்க்க வேண்டும். சாவி போடாமலே 12 வோல்ட் காட்டுவது பேட்டரி லைன். சாவியைத் திருப்பினால் உயிர் பெற்று, செல்ஃப் அடிக்கும்போதும் அப்படியே நிற்பது இக்னிஷன். செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடி மட்டும் செத்துப்போய்த் திரும்ப வருவது ஆக்சஸரி. அந்த ஓரிரு நொடி மட்டும் உயிரோடு இருப்பது செல்ஃப் ஒயர். நாம் சாவியைத் திருப்பும்போது சுவிட்ச் என்னென்ன செய்கிறதோ, அதையெல்லாம் அதே வரிசையில் யூனிட் செய்து காட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் நிறையப் பேர் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பால்தான் குத்திப் பார்ப்பார்கள். பழைய வண்டிக்கு அது போதும். ஏர்பேக் வந்த பிறகு அந்தப் பழக்கம் ஆபத்து. ஏர்பேக் ஒயரில் வரும் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று என் மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். ஜாயிண்ட் விஷயத்திலும் அவர் கண்டிப்பு. ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவது அவரிடம் நடக்காது. சோல்டர் வைத்து, ஸ்லீவ் ஏற்றி, அதிர்வில் ஆடாதபடி ஒயர்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மலையேறும் வண்டியில் ஆடுகிற ஜாயிண்ட் ஒரு வருஷம் தாங்காது.

நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட் வைத்திருக்கும் ஒரு பெரியவர் மார்கழியில் வந்தார். மேனுவல் கியர் டீசல் வண்டி. சேலத்தில் நாம் ஸ்வெட்டர் தேடாத நாளில்கூட, 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவர் வீட்டில் கண்ணாடியெல்லாம் பனி மூடிக் கிடக்கும். விடியற்காலையில் வண்டி சூடாகும் வரை உட்கார்ந்திருக்க முடியவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றார்.

ஒரு முழு நாள் வேலை. டீசல் என்பதால் க்ளோ பிளக் சூடாகிற வரை யூனிட் காத்திருந்து அப்புறம்தான் செல்ஃப் அடிக்க வேண்டும், அதற்கு நேரம் வைத்தேன். பானட்டைத் திறந்தால் இன்ஜின் நின்றுவிட ஒரு சுவிட்ச், பிரேக்கை மிதித்தால் நின்றுவிட ஒரு ஒயர். நான்கு கதவு சுவிட்சுகளையும் டயோடு போட்டு ஒன்றுசேர்த்து அலாரத்துக்குக் கொடுத்தேன். அவர் வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் அடிக்காது. கியரில் கிடக்கிற வண்டி செல்ஃபில் குதித்துவிடாமல் இருக்க, வண்டி செய்தவர்கள் வைத்த காவல் அது. ரிமோட்டில் ஸ்டார்ட் ஆக வேண்டுமானால் அந்தக் காவலை ஒரு ரிலே வைத்து அந்த நேரத்துக்கு மட்டும் விலக்கித்தான் ஆக வேண்டும்.

அதற்கு ஈடாக யூனிட்டிலேயே வேறொரு காவல் இருக்கிறது. மேனுவல் வண்டியில் இன்ஜின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிமோட்டை அழுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கதவை மூடி லாக் செய்த பிறகுதான் நிற்கும். ஆள் இறங்கிய பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடியது என்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று யூனிட் தெரிந்துகொள்ளும். நடுவில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலோ, பிறகு யாராவது கதவைத் திறந்தாலோ அந்த அனுமதி போய்விடும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஸ்டார்ட் ஆகாது. மிக எளிமையான, நல்ல ஏற்பாடு. இதற்கு ஹேண்ட் பிரேக் ஒயரும் கதவு ஒயரும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர் பத்து நாளில் திரும்ப வந்தார். “தம்பி, ராத்திரி ஒவ்வொரு தடவையும் இந்தப் பூஜையெல்லாம் என்னால ஆகாது. பட்டனை அழுத்துனா ஸ்டார்ட் ஆகணும்” என்றார். நான் மாட்டிய யூனிட்டின் ஓரத்தில் ஒரு சின்ன லூப் ஒயர் இருந்தது. அதை வெட்டினால், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இருக்கிறோம் என்று யூனிட் எடுத்துக்கொள்ளும். நியூட்ரல் முறை கேட்காது. ஹேண்ட் பிரேக் ஒயரைப் பாடியில் எர்த் செய்துவிட்டால், பிரேக் எப்போதும் இழுத்தே இருப்பதாக யூனிட் நம்பிவிடும், அந்தக் கேள்வியும் முடிந்தது. இரண்டையும் செய்தேன். ஐந்து நிமிட வேலை. “ஐயா, நியூட்ரல்லயே நிறுத்துங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மலைச்சரிவில் வீடு இருப்பவரிடம் நியூட்ரலில் நிறுத்தச் சொல்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஐம்பது வருஷப் பழக்கத்தை என் ஒரு வாக்கியம் மாற்றிவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

தை மாதம், பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டுக்கு மேலே ஏற்றத்தில் காபி உலர்த்தும் களம், அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர். வண்டி களத்தைப் பார்த்து முதல் கியரில் நின்றிருந்தது, கல் பின் டயருக்குப் பின்னால். மேஜை மேல் இருந்த ரிமோட்டைப் பேத்தி எடுத்து விளையாடியிருக்கிறாள். செல்ஃப் அடித்தபோதே வண்டி முன்னால் குதித்திருக்கிறது, இன்ஜின் பிடித்ததும் ஹேண்ட் பிரேக்கை மீறி ஏறியிருக்கிறது. டீசலுக்கு முதல் கியரில் அந்த இழுவை உண்டு. சுவரில் மோதித்தான் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பச்சைக் காயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சரிந்த செங்கல் ஒருவரின் கூடை மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

மறுநாள் காலை டூல்ஸ் பையோடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அன்றுதான் எண்ணிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரமாக நின்ற வண்டிகளைப் பார்த்தேன். எல்லாமே கியரில் நிற்பவை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. “நாந்தானே கேட்டேன், நீ செஞ்ச” என்றார். அது உண்மையில்லை. அவர் ஒயரைப் பற்றித் தெரியாமல் கேட்டார். நான் அந்த லூப் எதற்கு என்று நன்றாகத் தெரிந்து வெட்டினேன். இரண்டும் ஒன்றாகாது. இதை அவரிடமும் சொன்னேன், அந்தக் கூடைக்காரம்மாவிடமும் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “காப்பி குடிச்சியா?” என்று கேட்டார்.

அன்று ஸ்டார்ட்டர் பக்கத்து ஒயர்கள் முழுவதையும் எடுத்தேன். கிளட்ச் சுவிட்ச் ஒயரைப் பழையபடி சேர்த்து சோல்டர் வைத்தேன். அலாரத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கவில்லை. பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன்.

இப்போது எனக்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது. ரிமோட் ஸ்டார்ட்டர் கேட்டு வருகிறவரிடம் வண்டி மாடல் கேட்பதற்கு முன், ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான் கேட்கிறேன். சரிவு என்றால் மேனுவல் வண்டிக்கு மாட்டுவதில்லை. கியரில் நிறுத்தினால் ஸ்டார்ட்டர் ஆபத்து, ஸ்டார்ட்டருக்காக நியூட்ரலில் நிறுத்தினால் மலை ஆபத்து. ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சும் கியரும் தானாக மாறுகிற வண்டி வைத்திருப்பவர்கள் “எங்களுது ஆட்டோமேட்டிக்தானே” என்பார்கள். நம் ஊரில் ஓடும் பல ஏஎம்டி வண்டிகளில் ‘பி’ என்கிற பார்க்கிங் நிலை கிடையாது, அவற்றையும் கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம். அதனால் அவற்றுக்கும் அதே பதில்தான். ‘பி’ இருக்கிற வண்டி, சொந்தப் போர்டிகோ, காற்றோட்டம் உள்ள இடம் என்றால் சந்தோஷமாக மாட்டிக் கொடுக்கிறேன். ஷட்டர் இறக்கிய கேரேஜில் வேண்டவே வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும்.

கடைத்தெருவில் நிறுத்தி ஏசி ஓடவிடலாம் என்று வருகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-வது பிரிவைச் சொல்கிறேன். பொது இடத்தில் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் வண்டி நின்றால் இன்ஜின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், வண்டி தானாக நகராதபடி பிரேக்கோ வேறு ஏற்பாடோ செய்திருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் ரிமோட்டை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் களத்துச் சுவரைப் பார்த்துவிட்டு எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது.

சாவிக்குள் இருக்கும் சிப் பக்கத்தில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாத சிப் சாவி வண்டிகளில் இன்னொரு சங்கடம். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆவதற்காக உதிரிச் சாவியை டேஷ்போர்டுக்குள் ஒரு பெட்டியில் வைத்து ஏமாற்றுகிற வழி ஒன்று உண்டு. திருடனுக்குப் பயந்து அலாரம் மாட்ட வந்தவரின் சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. இதனால் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகிறவர்களைப் பற்றி ரெண்டு நாள் யோசனை இருக்கும்.

பெரியவர் அலாரம் ரிமோட்டுக்கு செல் மாற்ற இன்றும் என்னிடம்தான் வருகிறார். போன மாதம் வந்தபோது வண்டியைக் கடை வாசலில், மட்டமான சிமெண்ட் தரையில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கியரில் போட்டார், இறங்கி டயரைப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் தேடினார். நான் உள்ளே போய் ஒரு மரக்கட்டை எடுத்து வந்து கொடுத்தேன்.