கனம் வேறு, துவர்ப்பு வேறு: மூன்று சனிக்கிழமை வைன் குறிப்புகள்

வைனில் ‘பாடி’ (body), அதாவது வாயில் உணரும் கனம், என்றால் துவர்ப்பு என்றே நினைத்திருந்தேன். வாயை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு கனம். ஆகவே சிவப்பு கனமானது, வெள்ளை லேசானது. சனிக்கிழமைதோறும் இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

முதல் வாரம் இரண்டுமே வெள்ளை. ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங், கபினெட் வகை, ஆல்கஹால் 8.5%. இன்னொன்று ஓக் பீப்பாயில் இருந்த கலிஃபோர்னியா ஷார்டனே, 14%. ரீஸ்லிங்கில் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருந்தும் நாக்கில் நிற்காமல் ஓடியது; புளிப்பு அப்படி. ஷார்டனே ஆடை எடுக்காத பால் மாதிரி வாயை நிறைத்தது. அதற்கு ஆல்கஹால் மட்டும் காரணமில்லை. இந்த மாதிரி ஷார்டனேயில், பச்சை ஆப்பிளில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக பாக்டீரியா மாற்றுகிறது. அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் விட்டுவைத்தால் வழவழப்பும் கூடுகிறது.

இரண்டாம் வாரம் அதே ஷார்டனேக்குப் பக்கத்தில் பிரான்சின் பொஜொலே, காமே திராட்சையில் செய்தது, 12.5%. கண்ணை மூடிக் குடித்தேன். சிவப்புதான் லேசு!

மூன்றாம் வாரம்தான் திணறினேன். இத்தாலியின் பரோலோ, சிவப்பு வைன், 14%. நிறம் வெளிறியது; கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிந்தது. குடித்தால் நாவல்பழம் தின்றதுபோல ஈறெல்லாம் இறுகியது. இந்த இறுக்கம் கனத்தில் சேருமா? சந்தேகம் தீர, டீத்தூளைப் பால் சேர்க்காமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்துக் குடித்தேன். அதே பிடிப்பு, ஆனால் திரவம் தண்ணீர்தான். இரண்டிலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புப் பொருள். வைனில் அது பெரும்பாலும் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிறது. வெள்ளை வைனுக்குப் பொதுவாகச் சாற்றை மட்டும் பிரித்தெடுத்துப் புளிக்க வைப்பதால் அங்கே துவர்ப்பு குறைவு.

சரி என்று மறுபடி பரோலோவை எடுத்தேன். இந்த முறை விழுங்காமல் நடுநாக்கில் நிறுத்திக் கனத்தைப் பார்த்தேன். விழுங்கிய பிறகு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துவர்ப்பைத் தேடினேன். கனமும் இருக்கிறது, துவர்ப்பும் இருக்கிறது, தனித்தனியாக. இப்போது நோட்டில் இரண்டுக்கும் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு மஸ்கடே என்ற பிரான்சு வெள்ளை வைன் வாங்கி வைத்தாயிற்று. ஆல்கஹால் 12%தான், ஓக் வாசனையே இல்லாத வகை, ஆனால் மண்டியோடு கிடந்தது. மண்டி மட்டும் எவ்வளவு கனம் தருகிறது என்று பார்க்க வேண்டும்.