திரும்பிச் சென்றவர்களையும் எண்ணினோம்

நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகள் வரைபடங்களோடும் கணினிக் கணக்குகளோடும் மட்டுமே பழகியிருந்த நான், ஒரு சாலையை நிரந்தரமாக மாற்றியமைப்பதற்கு முன் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக மாற்றிப் பார்க்கும் குழுவில் பிறகுதான் சேர்ந்தேன். கூம்புகள், பெயிண்ட், செடித்தொட்டிகள், அறிவிப்புப் பலகைகள் ஆகியவையே எங்கள் தளவாடங்கள். கான்கிரீட் போட்டுவிட்ட பிறகு தெரியவரும் தவற்றைத் திருத்த ஆண்டுக்கணக்கில் ஆகும். செடித்தொட்டியை நகர்த்துவதற்கு இரண்டு பேர் போதும். அந்த வேறுபாட்டுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்தது.

முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது 14 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலை. அதை ஒருவழிப் பாதையாக்கி, ஓரங்களைச் சற்றுக் குறுக்கி, நடுவில் நடப்பவர்கள் சாலையைக் கடக்கப் புதிதாக ஒரு கடவை அமைப்பது திட்டம். வழக்கம்போலச் சாலையின் குறுக்கே ரப்பர் குழாய்களைப் பதித்துக் கடந்துபோகும் வாகனங்களை எண்ணினோம். அந்தக் கணக்கை விளக்கிய முதல் கூட்டத்திலேயே ஒரு வயதான அம்மையார் எழுந்து, "வண்டிகளை எண்ணியிருக்கிறீர்கள், தம்பி. ரோட்டைக் கடக்கமுடியாமல் வீட்டுக்கே திரும்பிப் போகிறவர்களை யார் எண்ணுவது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சக்கரத்தின் அழுத்தத்தை உணரும் குழாய்க்கு நடப்பவரே தெரியமாட்டார். நடக்காமல் திரும்பியவர் எப்படித் தெரிவார்?

ஆகவே எண்ணும் படிவத்தை அப்பகுதி மக்களோடு உட்கார்ந்து புதிதாக எழுதினோம். கடந்தவர், நடுவில் நின்று தடுமாறியவர், விளிம்புவரை வந்து திரும்பியவர் என மூன்று கட்டங்கள். எண்ணியவர்களும் அவர்களே, பள்ளி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஒரு தபால்காரர். இரண்டாம் நாள் காலையில் நானும் ஒரு படிவத்தோடு நின்றேன். கைத்தடியோடு வந்த பெரியவர் ஒருவர் தடியை நடைபாதையிலிருந்து சாலையில் இறக்கி ஊன்றினார்; ஒரு வாகனம் நெருங்கவே மறுபடி மேலே எடுத்துக்கொண்டார். அதே செயல் மூன்று முறை நடந்தது. பின்பு வந்த வழியே மெல்லத் திரும்பி நடந்தார். மூன்றாவது கட்டத்தில் நான் போட்ட அந்த ஒரு கோட்டைப் போல வேறெந்தப் புள்ளிவிவரமும் என்னை உறுத்தியதில்லை. அதே சாலையின் முனையிலிருந்த சிக்னலில் நடப்பவர்களுக்கு 12 வினாடி ஒதுக்கியிருந்தார்கள். வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அது சரியாகப் போதும். வினாடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்கக்கூடியவருக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும்.

எதை அளப்பது என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே மக்களோடு பேசி முடிவுசெய்யவேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் உறுதியாக இருக்கிறேன். முடிந்தபின் பேசினால், ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான எண்ணைத் தேடி எடுத்துக்கொள்ளும். அதேபோல, வேண்டாம் என்று மக்கள் சொன்னால் எல்லாவற்றையும் அகற்றிவிடுவோம் என்ற வாக்குறுதியும் உண்மையானதாக இருக்கவேண்டும். ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் வசூலித்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. குறித்த நாளில் கட்டணத்தை நிறுத்தினார்கள். நெரிசல் மீண்டும் ஏறியது. இரு நிலைகளிலும் வாழ்ந்து பார்த்த நகரவாசிகள் செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு தெரிவித்தார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமாயிற்று. சொன்ன நாளில் நிறுத்தியதே அந்தச் சோதனையின் மிக நேர்மையான பகுதி என்று நான் கருதுகிறேன்.

எங்கள் சாலையில் பக்கத்துத் தெருக்காரர்கள்தான் அதிகம் அஞ்சினார்கள். இங்கே குறுக்கினால் வண்டிகள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வரும் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது. வாகனங்களுக்கான சாலைப்பரப்பு குறைக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பாதிக்குப் பாதி இடங்களில் 11 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சுற்றுப்புறச் சாலைகளிலும் காணப்படாமல் போயிருந்தன. மக்கள் நேரத்தையோ வழியையோ பயண முறையையோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டி யாரையும் அமைதிப்படுத்த முடியாது, கூடாது. அவர்கள் தெருவிலும் அவர்களையே எண்ணவைத்தோம். எதையும் மாற்றாத இன்னொரு சாலையையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து எண்ணினோம். விடுமுறையோ மழையோ ஏற்படுத்திய மாற்றத்தை எங்கள் சாதனையாகக் கணக்கில் எழுதிவிடக்கூடாதல்லவா? முதல் வாரக் குழப்பத்தை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர்களின் கவலை வேறு. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காரில் வருகிறார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். பிரிஸ்டல் நகரில் 2006-இல் கேட்டபோது, கடைக்காரர்கள் 41 சதவீதம் என்று மதிப்பிட்ட இடத்தில் உண்மையில் காரில் வந்தவர்கள் 22 சதவீதமே. எங்கள் கடைக்காரர்கள் ஒரு வாரம் தங்கள் வாடிக்கையாளர்களை நேரில் கேட்டுக் குறித்தபின் அந்தக் கவலை தணிந்தது. சரக்கு இறக்க இடமில்லை என்ற அவர்களின் மற்றொரு முறையீடு மட்டும் முற்றிலும் உண்மை. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. காலை இரண்டு மணி நேரத்தைச் சரக்கு வாகனங்களுக்கென ஒதுக்கினோம்.

மற்றொரு பிழை முழுக்க என்னுடையது. நடைபாதையிலிருந்து இறங்கும் சாய்தளத்துக்கு நேரே ஒரு செடித்தொட்டியை வைக்கச் சொன்னவன் நான். வரைபடத்தில் அந்தச் சாய்தளம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. பார்வையற்ற பெண் ஒருவரின் வெள்ளைக்கோல் அதில் மோதியது. அவர் என்னை அழைத்துச் சென்று, கோலின் நுனியால் தொட்டியின் விளிம்பைத் தட்டிக் காட்டி, "இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளுங்கள், எனக்கும் வழி தெரியும், சக்கர நாற்காலிக்கும் வழி இருக்கும்" என்றார். அன்று மாலையே நகர்த்தினோம். அடுத்த சோதனைக்குக் கூம்பு வைக்குமுன் அவரோடு ஒருமுறை நடந்துவிட்டே வேலையைத் தொடங்கினோம்.

மாலைக் கூட்டங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே முகங்கள். இரவுப் பணிக்குச் செல்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வரமாட்டார்கள். அவர்களைத் தேடிப் பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளி வாசலுக்கும் நாங்கள் போனோம்.

இறுதிக் கூட்டத்தில் கடவையை நிரந்தரமாக்கவும், சிக்னலில் நடப்பவர்களுக்கான நேரத்தை 18 வினாடியாக்கவும், ஒருவழிப் பாதையைக் கைவிடவும் முடிவாயிற்று. நான் அதிகம் உழைத்தது ஒருவழிப் பாதைக்காகத்தான், வருத்தம் இருந்தது. ஆனால் பேருந்துக்காக நெடுந்தூரம் சுற்றி நடக்கவேண்டியிருந்தவர்களின் கணக்கு எதிரே தெளிவாக இருந்தது. மறுநாள் காலை அம்புக்குறிகளை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மையார் வந்து, அடுத்த சாலைக்கான எண்ணும் படிவங்கள் தயாரா என்று கேட்டார். மூன்றாவது கட்டம் அதிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்துத் தாள்களை வாங்கிச் சென்றார்.